எஞ்சின் நொண்டுகிறதா? ஸ்குரூவைத் தொடும் முன் எண்ணிப் பாருங்கள்

திருப்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று கிடக்கிறது. அதன்மேல் மாடல் ரயிலுக்காக ஒரு ஹெச்ஓ (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு) வட்டப்பாதை, ஒரு சைடிங் (ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதை), அட்டையில் செய்த ஸ்டேஷன். அதில் ஓட்டுவதற்காக செகண்ட் ஹேண்டில் ஆறு சக்கர நீராவி எஞ்சின் ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்றே அது நொண்டியது. இரண்டு அங்குலம் போகும், இழுத்துப் பிடிக்கும், ஒரு துள்ளு துள்ளும், மறுபடி போகும். வேகத்தைக் கூட்டினால் தட்டுத் தடுமாறி ஓடும். மெதுவாக விட்டால் நின்றேவிடும்.

அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. அதில் ஏழு மாதம் நானே உண்டாக்கிய கோளாறுகளைச் சரிசெய்யவே போனது. மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி வெளிநாட்டிலிருந்து புது மோட்டார் வரவழைத்தேன். ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சைடு ராடின் ஓட்டையை அரம் போட்டுப் பெரிதாக்கினேன். கடுகளவு வாஷர் ஒன்றை மொசைக் தரையில் தொலைத்தேன். கடைசியில் பார்த்தால் நடு அச்சில் ஒரு சக்கரம் சில டிகிரி திரும்பியிருந்தது, அவ்வளவுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை.

எங்காவது இறுகி, சுற்ற வேண்டியது சுற்றாமல் முரண்டு பிடிப்பதை எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் "பிடிக்குது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். நானும் இதில் "பிடிப்பு" என்றே எழுதுகிறேன். நீங்கள் புதிதாக மாடல் ரயிலுக்கு வந்தவர் என்றால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். எந்தப் படியில் கோளாறு தெரிகிறதோ அங்கேயே நிறுத்திச் சரிசெய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைத்தால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

1. முதலில் இது பிடிப்புதானா?

தண்டவாளம் அழுக்காக இருந்தாலும் எஞ்சின் இதேபோல் நின்று நின்று போகும். இரண்டையும் பிரித்தறிய 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். 10 ஆம்பியர் ஓட்டையில் ஒயரைச் செருகி, கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு ஒயர்களில் ஒன்றை வெட்டி நடுவில் மீட்டரைச் சேருங்கள். (ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரை கன்ட்ரோலரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்துவிடாதீர்கள். என் மீட்டரின் முதல் ஃபியூஸ் அப்படித்தான் போனது.)

இப்போது எஞ்சினை மெதுவாக ஓட்டுங்கள். அது தடுமாறும் நொடியில் மீட்டரைப் பாருங்கள். எண் ஏறினால் பிடிப்பு: மோட்டார் முக்குகிறது. எண் இறங்கினால், அல்லது பூஜ்யமானால், சக்கரத்துக்குக் கரண்ட் வரவில்லை. அப்படியானால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள், வேலை முடிந்தது. இந்த ஒரு சோதனை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மோட்டார் செலவு மிச்சம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்கு எண் ஏறியது, ஏறியதைப் பார்த்துவிட்டு மோட்டார்தான் கெட்டது என்று நானே முடிவுகட்டினேன். மோட்டார் முக்கினால் மோட்டார் கெட்டது என்று அர்த்தமில்லை. மூட்டை தூக்குகிறவர் முக்கினால் மூட்டையைத்தானே பார்க்க வேண்டும்?

கணக்குக்கு: இப்போது வரும் ஹெச்ஓ எஞ்சின்கள் பெட்டி இழுக்காமல் சும்மா ஓடும்போது பெரும்பாலும் 0.1 முதல் 0.25 ஆம்பியர்தான் எடுக்கும். பழைய திறந்த மோட்டார்கள் அரை ஆம்பியர், அதற்கு மேலும் எடுக்கும். உங்கள் எஞ்சின் எடுக்கும் அளவைக் குறித்து வையுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்) உள்ள எஞ்சினாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. டிகோடரிலிருந்து மோட்டார் ஒயர்களைப் பிரிக்காமல் மோட்டார் முனைகளில் நேரடியாக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். டிகோடர் புகையும். மோட்டாரைவிட அதன் விலை அதிகம்.

2. பெட்டி, பில், பாகப் படம்

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஸ்குரூவைத் திருகும் முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும்.

முதலாவது, வாங்கிய பில்லும் வாரன்டி அட்டையும். புது எஞ்சின் என்றால் வாரன்டி காலம் முடிந்ததா என்று பாருங்கள். அடித்தட்டைத் திறந்த தடம் தெரிந்தாலே பல கடைகள் கைவிரித்துவிடும். வாரன்டி இருக்கும்போது ஒன்றாம் படியை மட்டும் செய்து, மீட்டர் எண் ஏறுவதை மொபைலில் வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். பேச்சு சீக்கிரம் முடியும்.

இரண்டாவது, பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளாக இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் உண்டு, உதிரி பாகம் கேட்கும்போது அந்த எண்தான் மொழி. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பெட்டியையும் தாளையும் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லையென்றால் தயாரித்தவரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரு தெர்மாகோல் துண்டு. எஞ்சின் அடிப்பாகத்தை அதில் பேனாவால் வரைந்து, எந்த ஓட்டையின் ஸ்குரூவோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்குரூக்கள் ஒரே நீளம் போலத் தெரியும், ஆனால் இருக்காது. நீளமான ஸ்குரூ குட்டை ஓட்டைக்குள் போனால் அதன் நுனியே கியரில் உரசும். அப்படிப் புதுப் பிடிப்பு உண்டாக்கி இரண்டு வாரம் தேடியிருக்கிறேன்.

கருவிக்கு வாட்ச் ரிப்பேர் ஸ்குரூடிரைவர் செட், கூர்மூக்கு ட்வீசர், கண்ணில் இடுக்கும் லென்ஸ், டிஜிட்டல் வெர்னியர். எல்லாம் சேர்த்து எனக்கு 1,500 ரூபாய்க்குள் வந்தது. வேலை செய்யும் இடத்தில் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டத்தில் பழைய வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். விழுவது தெரியும், உருண்டு ஓடாது.

3. எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்தப் படிக்காகத்தான். எஞ்சினை ஸ்பாஞ்சில் கவிழ்த்து வைத்து இரண்டு ஒயரால் சக்கரத்துக்குக் கரண்ட் கொடுங்கள், அல்லது தண்டவாளத்திலேயே ஆமை வேகத்தில் விடுங்கள். ஒரு சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் பொட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் பத்துச் சுற்று சுற்றட்டும். எத்தனை முறை பிடிக்கிறது என்று எண்ணுங்கள்.

சுற்றுக்கு ஒரு முறை, பொட்டு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்போது பிடித்தால், கோளாறு சக்கர அச்சோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது: அச்சிலுள்ள கியர், வளைந்த கிராங்க் பின் (சைடு ராடு மாட்டும் சக்கரத்து முளை), கோணலான சக்கரம், எங்கோ இடிக்கும் பின்.

சுற்றுக்கு இரண்டு அல்லது நான்கு முறை என்றால் சைடு ராடுதான். எட்டாம் படி.

பொட்டு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்போது பிடித்தால், நடுவிலுள்ள இணைப்புக் கியர். அதன் பல் எண்ணிக்கையும் அச்சுக் கியரின் பல் எண்ணிக்கையும் வேறு என்பதால் கோளாறு நகர்ந்துகொண்டே போகும். அச்சுக் கியருக்கு 15 பல், நடுக் கியருக்கு 20 பல் என்றால், சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 4/3 சுற்று சுற்றும்போது ஒரு முறை பிடிக்கும். மூன்று பிடிப்புக்கு நான்கு சுற்று.

சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கடகடவென்று இருபது முப்பது முறை அதிர்ந்தால் மோட்டார் தண்டு, அல்லது அதில் உள்ள, திருகுபோல் இருக்கும் வார்ம் கியர். சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் பத்திருபது முறைக்கு மேல் சுற்றும் என்பதுதான் காரணம்.

தாளமே இல்லாமல் எப்போதும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் காய்ந்த கிரீஸ், பஞ்சு, அதிகமாக முடுக்கிய ஸ்குரூ. முன்னால் நன்றாகப் போய், பின்னால் மட்டும் பிடித்தால் வார்மின் முனை வாஷர். வளைவில் மட்டும் பிடித்தால் முன்சக்கரம் சிலிண்டரில் இடிக்கிறது, அல்லது போகி (சக்கரங்கள் பூட்டிய, திரும்பும் அடிச்சட்டம்) திரும்ப முடியாமல் ஒரு ஒயர் இழுத்துப் பிடிக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் குலுங்கினால், பின்னாலிருக்கும் பெட்டிகள் தள்ளும்போது வார்ம் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று பொருள். மேட்டுப்பாளையம் ஊட்டி பாதை மாதிரி ஏற்றம் வைத்து லேஅவுட் கட்ட ஆசைப்படும் எல்லோருக்கும் இது வரும். (அந்தப் பாதையில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பல்தண்டவாளம் இருக்கிறது. உங்கள் பலகையில் இருக்காது.)

எண்ணியதை எழுதி வையுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். நான் இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் எட்டு மாதத்தைத் தொலைத்தேன்.

4. மேல்கூட்டைக் கழற்றி ஓட்டுங்கள்

கூடு இல்லாமல் ஓட்டியதும் பிடிப்பு போய்விட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கூட்டுக்குள் ஒரு ஒயர் மோட்டார் தண்டிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலில் உரசியிருக்கும், அல்லது கூட்டை இறுக்கிய ஸ்குரூ அடித்தட்டையே வளைத்திருக்கும். ஒயரை டேப் போட்டு ஓரமாக ஒட்டுங்கள். ஸ்குரூவை முழுக்க முடுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள்.

5. மோட்டாரைப் பிரித்து, கண்ணாடியில் உருட்டுங்கள்

இங்கே ஒரு பொறி. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துக் கையால் தள்ளிப் பார்த்து "சக்கரமே சுத்தலையே, இங்கேதான் பிடிப்பு" என்று முடிவுகட்டாதீர்கள். வார்ம் கியர் உள்ள பெரும்பாலான எஞ்சின்களில் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மோட்டாரைச் சுற்றாது. அப்படித்தான் இருக்க வேண்டும். பலமாகத் தள்ளினால் பல் உடையும்.

மோட்டாரையும் வார்மையும் தனியே எடுங்கள். மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல், கொஞ்சம் கரண்டில், குறைந்த வோல்டில் சுற்றினால் மோட்டார் நல்ல மோட்டார், அதை மறந்துவிடலாம்.

அப்புறம் மோட்டார் இல்லாத அடிச்சட்டத்தை ஒரு கண்ணாடிப் பலகையில் வையுங்கள். பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஒவ்வொரு நோட்டுப் புத்தகமாக வைத்துக்கொண்டே போங்கள். லேசான சரிவிலேயே தானாக உருண்டு இறங்க வேண்டும். இறங்கினால், மோட்டாரும் நல்லது, அடிச்சட்டமும் நல்லது. இரண்டும் சேரும் இடம்தான் கோளாறு, ஒன்பதாம் படிக்குப் போங்கள்.

இறங்காவிட்டால், சைடு ராடுகளைக் கழற்றிவிட்டு மறுபடி உருட்டுங்கள். இப்போது இறங்கினால் ராடு. அப்போதும் இறங்காவிட்டால் ஒவ்வொரு அச்சாக விரலால் சுற்றிப் பாருங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடுகிறதா, கரண்ட் எடுக்கும் செம்புத் தகடு அளவுக்கு மேல் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். அந்தத் தகடு சக்கரத்தைத் தொட்டால் போதும், தள்ளக் கூடாது.

டீசல், எலக்ட்ரிக் மாடல்களுக்குப் பெரும்பாலும் ராடு கிடையாது என்பதால் பாதி வேலை மிச்சம். ஒவ்வொரு போகியையும் தனித்தனியே இதேபோல் சோதித்தால் போதும்.

6. பஞ்சும் பழைய கிரீஸும்

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இருப்பவர்கள் இந்தப் படியைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊர்க் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. பனியன் கம்பெனியோ விசைத்தறியோ பக்கத்தில் இருந்தால் ஜன்னல் வழியே வரும் தூசியில் பாதி நூல் இழைதான். அது தண்டவாளத்தில் படிந்து, எஞ்சின் ஓட ஓட அச்சில் சுற்றிக்கொள்ளும். எண்ணெய் பட்டதும் கயிறுபோல் முறுக்கேறும். ஒரு அச்சிலிருந்து நான் உருவிய இழை ஒரு சாண் நீளம் இருந்தது. வீட்டில் தலைமுடியும் இதே வேலையைச் செய்யும்.

அடித்தட்டைக் கழற்றி, அச்சுகளை வெளியே எடுத்து, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே ட்வீசரால் இழையை உருவுங்கள். கியர்ப் பற்களின் இடுக்கைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். ஒரே ஒரு ஜல்லித் துகள் பல்லுக்கு நடுவே சிக்கியிருந்தாலும் சுற்றுக்கு ஒரு முறை எஞ்சின் எகிறும்.

மெழுகாக இறுகிப்போன பழைய கிரீஸைக் கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும். கியர்களை அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பெயின்டையும் உரிக்கும். டபிள்யூடி-40 அடித்தால் உடனே ஓடும், ஆனால் அது இந்த வேலைக்கான எண்ணெய் இல்லை. எல்லா இடத்திலும் பரவி, தூசியைப் பிடித்து, பழையபடி பிடிக்கும்.

7. வெடித்த கியர்

சுற்றுக்கு ஒரு முறை "டிக்" என்ற சத்தத்தோடு எகிறினால், அச்சிலுள்ள பிளாஸ்டிக் கியரை லென்ஸில் பாருங்கள். இரும்பு அச்சில் இறுக்கமாக ஏற்றிய கியர், வருடக்கணக்கில் இழுவையில் இருந்து, இரண்டு பல்லுக்கு நடுவே மயிரிழையாகப் பிளந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் பல் இடைவெளி கூடிவிடுவதால் எதிர்க் கியர் இடிக்கும். பழைய டீசல் மாடல்களில் இது சகஜம்.

ஒட்டலாமே என்று தோன்றும். ஒட்டாது. இந்தக் கியர்கள் பெரும்பாலும் நைலான் அல்லது அசிட்டால், ஃபெவிக்விக் அதில் நிற்காது. மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும் முன் நான்கு அளவுகள் எடுங்கள்: பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், ஓட்டை விட்டம், அகலம். வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், கிடைக்கும். 15 பல், 6.8 மி.மீ. என்றால் 6.8-ஐ 17-ஆல் வகுக்க, 0.4. இந்த எண் இல்லாமல் "சின்னக் கியர் ஒன்று வேண்டும்" என்று எந்தக் கடையில் கேட்டாலும் பயனில்லை. கோவையில் பம்ப்செட்டுக்கு என்ன வேண்டுமானாலும் கடைந்து தரும் பட்டறைகள் உண்டு, ஆனால் 0.4 மாட்யூல் வெட்டும் கட்டர் எல்லோரிடமும் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ரெசின் 3டி பிரின்டில் செய்த கியர் எனக்கு மூன்று மாதம் ஓடியது. அசல் வரும்வரை அது போதும்.

அசல் பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எனக்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆனது. கூரியர் கம்பெனி கேஒய்சிக்காக ஆதார் அல்லது பான் கேட்கும். முன்கூட்டியே ஸ்கேன் செய்து வையுங்கள், பார்சல் வந்தபின் தேடினால் அங்கேயே கிடக்கும். பில்லில் பொருளின் பெயர், உண்மையான விலை, எண்ணிக்கை மூன்றும் தெளிவாக இருக்கட்டும் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். பொம்மை வகைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆகவும், 2023-ல் 70-ஆகவும் ஏறியது. மாடல் ரயிலும் அந்தத் தலைப்பில்தான் வரும். ஆர்டர் போடும் அன்று இருக்கும் விகிதத்தைப் பார்த்துவிட்டு, தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இருநூறு ரூபாய்க் கியர் ஆயிரத்தைத் தாண்டி வீட்டுக்கு வரலாம். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு பங்காகும்.

8. சைடு ராடும் 90 டிகிரியும்

நீராவி எஞ்சின்காரர்களுக்கு இதுதான் பெரிய படி. இடப்பக்கச் சக்கரத்தின் கிராங்க் பின் உச்சியில் இருக்கும்போது, வலப்பக்கத்து பின் முன்னாலோ பின்னாலோ படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி. ஒரு பக்கம் தள்ள முடியாத நிலையில் நிற்கும்போது மறுபக்கம் தள்ளும் என்பதற்காக நிஜ எஞ்சின்களில் செய்த ஏற்பாடு. மாடலில் சக்கரத்தை அச்சில் அழுத்தி ஏற்றியிருப்பதால், யாராவது பிடித்துத் திருகினால் இந்தக் கோணம் நழுவிவிடும்.

எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். கிராங்க் பின்கள் சரிவாக, 45 டிகிரி பக்கம் நிற்கும்போது இறுகினால் கோணம் தவறியிருக்கிறது. ராடும் பின்களும் அச்சும் ஒரே கோட்டில் வந்து படுத்திருக்கும்போது இறுகினால் கோணம் சரி, ராடின் ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் அச்சுகளின் தூரத்தோடு ஒத்துப்போகவில்லை, அல்லது ராடு வளைந்திருக்கிறது. எனக்கு 45-ல் இறுகியது. அதைக் கவனிக்காமல் ஓட்டையைப் பெரிதாக்கினேன். பிடிப்பு குறைந்தது, நொண்டல் கூடியது.

மூன்று அச்சு என்றால், முதல் இரண்டுக்கு மட்டும் ராடு போட முடிந்தால் போட்டு உருட்டுங்கள், அப்புறம் பின் இரண்டுக்கு. இரண்டு முறையும் பிடித்தால் நடு அச்சு. ஒரு முறை மட்டும் பிடித்தால் அந்தச் சோடியின் ஓர அச்சு. ராடு ஒரே துண்டாக இருந்தால், சந்தேகமுள்ள அச்சை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மற்ற இரண்டோடு உருட்டிப் பாருங்கள்.

சரிசெய்ய நான் கண்ணளவில் திருகித் திருகி ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, கணக்கா 90 டிகிரியே வேணும்னு இல்லீங்க. மூணு அச்சும் ஒரே மாதிரி இருந்தா போதும்ங்க. 89-ன்னா மூணும் 89."

"சரிங்கண்ணா, ஆனா ஒரே மாதிரி எப்படிங்க வைக்கறது?"

"அதுக்குத்தான் ஜிக்கு."

ஒரு அலுமினியக் கட்டையில் அச்சு உட்கார வி வடிவப் பள்ளம், இரண்டு பக்கமும் கிராங்க் பின் சாய ஒவ்வொரு ஆணி. முதல் அச்சை அதில் வைத்து ஒரு பக்கத்து பின்னை ஆணியில் சாய்த்தால் மறுபக்கத்து பின்னும் தன் ஆணியைத் தொட வேண்டும். எல்லா அச்சையும் அதே கட்டையில் வைத்துத் திருப்பினால் எல்லாம் ஒரே கோணம். 600 ரூபாய் வாங்கினார், ஒரு வாரம் ஆனது. ஆறு நாள் அவர் பம்ப் வேலை, ஒரு மணி நேரம் என் வேலை.

திருப்பும்போது ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மறு சக்கரத்தை மயிரிழை அளவுக்குத்தான் திருப்ப வேண்டும். முடித்ததும் இரண்டு சக்கரங்களின் உட்பக்கத்துக்கு இடையிலான தூரத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். ஹெச்ஓவுக்குச் சுமார் 14.4 மி.மீ. அளவு குறைந்தாலோ கூடினாலோ பாயின்ட்டில் (பாதை பிரியும் இடத்தில்) ஏறி விழும். இங்கே பொறி என்னவென்றால், டீசல் சக்கரத்தின் இடைவெளியைத் திருகி இழுத்துச் சரிசெய்யும் பழக்கத்தை நீராவி எஞ்சினிலும் செய்துவிடுவோம். இடைவெளி சரியாகும், கோணம் போய்விடும். என் எஞ்சினை எனக்கு முன் வைத்திருந்தவர் அப்படிச் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று: முதல் சக்கரத்தின் கிராங்க் பின் தலை, பிஸ்டன் ராடைப் பிடித்து முன்னும் பின்னும் ஓடும் கிராஸ்ஹெட்டின் பின்பக்கத்தில் இடிக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். நடுவே தாள் நுழைய இடம் வேண்டும்.

9. வார்மின் இறுக்கம்

மோட்டாரைத் திரும்பப் பூட்டும்போது வார்ம், கியரின் மேல் அழுந்தி உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி. வார்முக்கும் கியருக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை, பஸ் டிக்கெட் தாள் போதும், வைத்து மோட்டாரை முடுக்கிவிட்டுத் தாளை உருவிவிடுங்கள். வார்மைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அசைத்தால் துளி ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் இறுக்கம்.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஜாயின்ட் தண்டு முன்பின்னாகக் கொஞ்சம் நகர வேண்டும். வார்மின் இரண்டு முனையிலும் உள்ள வாஷர்களை எண்ணி எடுத்து எண்ணிப் போடுங்கள். நான் தொலைத்தது இதில் ஒன்றைத்தான்.

10. எண்ணெய்

ஊசி முனையில் நிற்கும் ஒரு துளி, அச்சு உட்காரும் ஒவ்வொரு இடத்திலும். அதற்கு மேல் வேண்டாம். கியருக்கு பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ், கடுகளவு. மோட்டாரின் கம்யூட்டேட்டர் (கரண்ட் வாங்கும் சுழல் உருளை) பக்கம் எண்ணெய் போகவே கூடாது.

திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரும்பும் பித்தளையும் உரசும் இடத்துக்குச் சரி. பிளாஸ்டிக் பக்கம் போடுவதானால், வேண்டாத பாகம் ஒன்றில் தடவி ஒரு ராத்திரி விட்டு, இளகவோ வெடிக்கவோ இல்லையென்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் அவர் எஞ்சின் கிளம்பவில்லை.

11. வெளியே அனுப்புவதானால்

இதுவரை எதிலும் சரியாகவில்லையென்றால் விற்ற இடத்துக்கே அனுப்பலாம். உள்நாட்டுக் கடை என்றால் பில்லின் நகல், கோளாறை எழுதிய தாள், மூன்றாம் படியில் எண்ணிய கணக்கு மூன்றையும் பெட்டிக்குள் வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால், பழுதுபார்க்க அனுப்புவதாக எழுதிய பில், பாகத்தின் வரிசை எண் இருந்தால் அது, அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லையென்றால் திரும்பி வரும்போது புதுப் பொருளாகக் கணக்கிட்டு மறுபடி வரி போடுவார்கள். போகவர இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த எஞ்சினுக்கு இது கட்டுப்படியாகாது.

12. ஓட்டிப் பழக்குங்கள்

பூட்டியதும் பெட்டிகளை மாட்டி இழுக்க விடாதீர்கள். தனி எஞ்சினாக முன்னால் அரை மணி நேரம், பின்னால் அரை மணி நேரம், நடுத்தர வேகத்தில் ஓடட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். அப்புறம் மீட்டரைச் சேர்த்து, ஒன்றாம் படியில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

என்னுடையது 0.42-ல் இருந்து 0.18-க்கு வந்தது. தேதியோடு அதைப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மிக மெதுவாக விட்டால் இன்னும் லேசாக ஒரு குலுங்கல் இருக்கிறது. அது நான் அரம் போட்ட ஓட்டை. புது ராடுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், ஐந்தாவது வாரம் ஓடுகிறது.